எந்த வாசலில் இறங்கினாள்

இரண்டு மருத்துவமனைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் நடக்கும் 100 பிரசவங்களில் நாலு, 32 வாரம் நிறைவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. இரண்டாவதில் 500 பிரசவத்துக்கு ஒன்றுகூட அப்படி இல்லை. மாசமாக இருக்கும் உங்கள் அக்காவை எங்கே சேர்ப்பீர்கள்?

பட்டென்று பதில் சொல்லச் சொன்னால் இரண்டாவதைத்தான் சொல்வோம். ஆனால் அங்கே மிகக் குறைமாதப் பிரசவமே நடக்காததற்குக் காரணம் என்னவாக இருக்கும்? பனிக்குடம் சீக்கிரம் உடைந்து ஒருத்தி வந்தால், ‘இங்க அதுக்கு வசதி இல்லம்மா, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க’ என்று வாசலிலேயே அனுப்பிவிடுகிறார்கள் என்பதாக இருக்கலாம். அப்படி அனுப்பப்பட்டவள் போய் இறங்கும் இடம்தான் முதல் மருத்துவமனை. ஆக, பார்க்கப் பயமாக இருக்கும் அந்த நாலு சதவீதம், உண்மையில் அது கதவைத் திறந்து வைத்திருப்பதன் அடையாளம்.

குழந்தை 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதம். 32க்கு முன் என்றால் மிகக் குறைமாதம். 28க்கும் முன் என்றால் இன்னொரு ‘மிக’ சேர்த்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க 2020இல் குறைமாதத்தில் பிறந்தவர்கள் சுமார் 1 கோடியே 34 லட்சம் பேர், பத்தில் ஒருவர். நம் பாட்டிகள் இதற்கு வேறொரு கணக்கு வைத்திருந்தார்கள்: ஏழு மாசக் குழந்தை தங்கும், எட்டு மாசக் குழந்தை தங்காது. இதே நம்பிக்கை ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல்களிலும் இருக்கிறது என்பது ஆச்சரியம். உண்மை நேர்மாறானது, வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். பிழைத்து நடமாடிய ஏழு மாசக் குழந்தையை ஊரே பார்த்தது. பிழைக்காத ஏழு மாசக் குழந்தைகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க இதைத்தான் வேறு வேறு விதமாகப் பார்க்கப் போகிறோம். எதை எண்ணினோம், எதை எண்ணாமல் விட்டோம் என்பதை.

தாயின் வயிற்றைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது என்று பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் சொல்வதுண்டு. பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, பிறப்பதற்கு முன் தாயை அனுப்பிவிடுவது நல்லது. அமெரிக்காவில் 1976இல் மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, பிரசவ மருத்துவமனைகளை வசதியைப் பொறுத்து மூன்று படிகளாகப் பிரித்து, ஆபத்தான கர்ப்பங்களை மேல்படிக்கு அனுப்பச் சொன்னது. அதற்கு அர்த்தம் இருந்தது என்று பின்னால் தெரிந்தது. 1,500 கிராமுக்கும் குறைவாகப் பிறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆய்வுகளிலிருந்து திரட்டி 2010இல் கணக்கிட்டார்கள். மூன்றாம் படி மருத்துவமனையில் பிறந்தவர்களில் 23 சதவீதம் இறந்திருந்தார்கள். அதற்குக் கீழே உள்ளவற்றில் பிறந்தவர்களில் 38 சதவீதம். எனவே மிகக் குறைமாதப் பிறப்புகள் அதிகம் நடக்கும் இடம்தான் அந்தக் குழந்தைக்குச் சரியான இடம். விகிதத்தை மட்டும் பட்டியல் போட்டு ‘இங்கே அதிகம்’ என்று ஒரு மருத்துவமனையைக் குறை சொன்னால், அடுத்த வருடம் அதுவும் வாசலில் ஆள் நிறுத்தித் திருப்பி அனுப்பக் கற்றுக்கொள்ளும்.

இந்தப் பொறி பழையது. 1863இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் தன் ‘நோட்ஸ் ஆன் ஹாஸ்பிட்டல்ஸ்’ புத்தகத்தின் மூன்றாம் பதிப்பில் வில்லியம் ஃபார் தயாரித்த ஒரு அட்டவணையைச் சேர்த்தார். லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90.84 சதவீதம் என்றது அது. உள்ளே போன நூறு பேரில் ஒன்பது பேர்தான் நடந்து வெளியே வந்தார்களா? அப்படியில்லை. ஒரு வருடம் முழுக்க இறந்தவர்களின் எண்ணிக்கையை, ஒரே ஒரு நாளில் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். அதோடு, நகரத்து மருத்துவமனைக்கு வருபவர்கள் கிராமத்து மருத்துவமனைக்கு வருபவர்களைவிட மோசமான நிலையில் வருகிறார்களே, அதை எங்கே கணக்கில் எடுத்தீர்கள் என்று பிரிஸ்டோ, ஹோம்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் கேட்டார்கள். நைட்டிங்கேல் நேர்மையானவர், ஃபார் கணக்கில் கெட்டிக்காரர். வகுக்கும் எண்ணைத் தேர்ந்தெடுப்பதிலேயே தீர்ப்பு ஒளிந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

சரி, அப்போ திருத்திக்கொள்ளலாமே. எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு கஷ்டமான கர்ப்பங்கள் வருகின்றன என்று பார்த்து, அதற்கேற்பச் சரிக்கட்டிவிட்டு ஒப்பிடலாம். இன்று அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதிலும் ஒரு முள் இருக்கிறது. 2022இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் பிரசவங்களில் 14.6 சதவீதம் குறைமாதத்தில் நடந்தன. வெள்ளையினப் பெண்களிடம் 9.4. ஏழைகளும் கறுப்பினத்தவரும் அதிகம் வரும் மருத்துவமனையின் எண்ணைச் சரிக்கட்டினால், அங்கே வேலை பார்க்கும் மருத்துவருக்கு நியாயம் கிடைக்கிறது. அதே சமயம், ‘இவங்க கிட்ட இது இப்படித்தான் இருக்கும்’ என்று அந்த வித்தியாசத்தையே சூத்திரத்துக்குள் போட்டு மறைத்தும்விடுகிறோம். மருத்துவமனை மன்னிக்கப்பட்ட அந்த நிமிடத்தில் தெரு கணக்கிலிருந்து காணாமல் போகிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணின் குற்றம். எண்ணைச் சுத்தம் செய்த பிறகும் மிச்சம் இருக்கும் வித்தியாசம்தான் தூங்கவிடாதது.

22 வாரத்தில் பிறக்கும் குழந்தை அரைக் கிலோ இருந்தால் பெரிது. தோல் ஈரக் காகிதம் மாதிரி இருக்கும். நுரையீரல் இன்னும் காற்றுக்குத் தயாராகவில்லை. இந்தக் குழந்தைக்குக் குழாய் போட்டு, வென்டிலேட்டரில் வைத்து, பெட்டிக்குள் மாதக்கணக்கில் காப்பாற்ற முயல வேண்டுமா, அல்லது துணியில் சுற்றி அம்மாவின் மார்பில் கொடுத்துவிட வேண்டுமா? இதற்கு மருத்துவ உலகில் ஒரே பதில் இல்லை. 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் 24 மருத்துவமனைகளில் 2006 முதல் 2011 வரை 27 வாரத்துக்கு முன் பிறந்த சுமார் 5,000 குழந்தைகளைப் பார்த்தது. எல்லாமே ஒரே ஆராய்ச்சி வலையமைப்பைச் சேர்ந்த, வசதியுள்ள பெரிய மருத்துவமனைகள். ‘இங்க வசதி இல்லம்மா’ என்று சொல்ல முடியாத இடங்கள். 26 வாரத்தில் பிறந்தவர்களுக்கு எல்லோருமே ஒரே மாதிரி, 99.8 சதவீதம் பேருக்கு, முயன்றார்கள். 22 வாரத்தில்தான் பிரிந்தார்கள். இந்த மருத்துவமனைகளை வரிசையாக நிறுத்தினால், கீழிருந்து கால்வாசி தூரத்தில் இருப்பது 100 குழந்தைகளில் எட்டுப் பேருக்குக்கூட முயலவில்லை. மேலிருந்து கால்வாசி தூரத்தில் இருப்பது எல்லோருக்கும் முயன்றது.

அதே அறிவியல், அதே இயந்திரங்கள், அதே பாடப் புத்தகம். அம்மா எந்த வாசலில் இறங்கினாள் என்பது மட்டும் வேறு.

இதன் அடுத்த சுற்று இன்னும் கொடுமை. 22 வாரக் குழந்தைகள் மொத்தத்தில் பிழைத்தவர்கள் 5.1 சதவீதம். இந்த எண்ணைச் சொல்லி ஒரு மருத்துவர், ‘நூத்துக்கு அஞ்சுதாம்மா’ என்று கையை விரிக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நூறில் பெரும்பாலோருக்கு யாரும் முயலவே இல்லை. முயன்றவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 23.1 சதவீதம் பிழைத்தார்கள். கடுமையான குறைபாடு இல்லாமல் பிழைத்தவர்கள் 15.4 சதவீதம். முயலாததால் பிழைக்கவில்லை, பிழைக்காததால் எண் சிறுத்தது, எண் சிறுத்ததால் முயலவில்லை. இதில் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். கொஞ்சம் தெம்பாகத் தெரிந்த குழந்தைகளுக்குத்தான் முயன்றிருப்பார்கள், அதனால் 23 என்பதும் கொஞ்சம் உப்பியதாக இருக்கலாம். இருந்தாலும் ஐந்துக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கை கிடக்கிறது.

அப்படியானால் எல்லா மருத்துவமனைகளும் முயலவேண்டும் என்று சட்டம் போட்டுவிடலாமா? முயன்ற நூறில் 77 குழந்தைகள், ஊசியும் குழாயுமாகச் சில நாட்களோ சில வாரங்களோ இருந்து இறந்தார்கள். அந்த நாட்களும் கணக்கில் வரவேண்டும். முயலாத மருத்துவர் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கவில்லை. அவர் பார்த்த மரணங்களின் ஞாபகத்திலிருந்து பேசுகிறார். முயல்கிறவர் தான் பார்த்த பிழைப்புகளின் ஞாபகத்திலிருந்து பேசுகிறார்.

இந்த இடத்தில் ‘எல்லோரும் ஒரே மாதிரி செய்தால் நியாயம்’ என்ற எண்ணத்தைக் கலைக்கும் ஒரு கதை சொல்ல வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் வரலாற்றிலேயே மிக மோசமான கதை அது.

1940களில் காற்றுப் புகாத நல்ல இன்குபேட்டர்கள் வந்தன. குறைமாதக் குழந்தை விட்டுவிட்டு மூச்சு விடும், நீலம் பாயும். ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் ரோஜா நிறத்துக்கு வரும். அதைப் பார்க்கும் எந்த நர்ஸுக்கும் அது கருணையாகத்தான் தெரியும். 1942இல் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் மருத்துவர், குறைமாதக் குழந்தைகளின் கண்களில் லென்ஸுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு படலம் உருவாகிப் பார்வை போவதை விவரித்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள். 1950இல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர்.

விசித்திரம் என்னவென்றால், இந்த நோய் ஏழை மருத்துவமனைகளில் குறைவு. நவீனமான, பணக்கார மருத்துவமனைகளில் அதிகம். 1951இல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற குழந்தை மருத்துவர் மூன்று மருத்துவமனைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்த இடத்தில் பார்வை போனவர்கள் அதிகம், சிக்கனமாகக் கொடுத்த இடங்களில் குறைவு. கருணையே காரணமாக இருக்குமோ என்ற சந்தேகம் அப்படித்தான் பலப்பட்டது. வாஷிங்டனில் காலிங்கர் மருத்துவமனையில் அர்னால் பாட்ஸ் இதையே சோதித்துப் பார்க்கத் தொடங்கியபோது, ஆக்சிஜன் குறைத்த குழந்தைகளைப் பார்க்கப் பொறுக்காமல் சில நர்ஸுகள் ராத்திரியில் குழாயைத் திறந்துவிட்டார்களாம். கெட்டவர்கள் யாருமே இல்லாத கதை இது. 1953-54இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து சோதனை நடத்தி, மிகையான ஆக்சிஜன்தான் காரணம் என்று உறுதி செய்தன.

கேம்ப்பெல் காலத்தில் எல்லா மருத்துவமனைகளும் ‘சிறந்த முறை’ என்று ஒன்றையே பின்பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லா இடத்திலும் ஒரே அளவு குழந்தைகள் பார்வை இழந்திருப்பார்கள். குறைமாதம்னா கண் போகும், அது விதி என்று நாமும் பாட்டிகளைப் போலச் சொல்லிக்கொண்டிருப்போம். மருத்துவமனைக்கு மருத்துவமனை வித்தியாசம் இருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. யாரோ ஒரு குழந்தைக்கு அநியாயமாக இருந்தது, பின்னால் பிறந்த எல்லோருக்கும் அறிவாக ஆனது. இதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அது அப்படித்தான்.

கதை அங்கே முடியவும் இல்லை. பயந்துபோய் எல்லோரும் ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். பார்வை பிழைத்தது. 1973இல் கென்னத் கிராஸ் லான்செட் இதழில் ஒரு கணக்குப் போட்டார்: காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் சுமார் 16 குழந்தைகள் ஆக்சிஜன் போதாமல் இறந்திருக்கலாம் என்று. கண் தெரியாத குழந்தையை எண்ணியவர்கள், இறந்த குழந்தையை எண்ணவில்லை. இறந்தவர்கள் கண் மருத்துவரிடம் வருவதில்லையே.

சரியான அளவுதான் என்ன? இந்தக் கேள்வியோடு 2005இல் அமெரிக்காவில் ‘சப்போர்ட்’ என்ற ஆய்வு தொடங்கியது. 24 முதல் 27 வாரங்களில் பிறந்த 1,316 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவின் ரத்த ஆக்சிஜனை 85 முதல் 89 சதவீதத்திலும், மற்றதை 91 முதல் 95 சதவீதத்திலும் வைக்கப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது. குறைந்த அளவில் 19.9 சதவீதம் இறந்தார்கள், அதிக அளவில் 16.2. பிழைத்தவர்களில் கடுமையான விழித்திரை நோய் வந்தவர்கள் குறைந்த அளவில் 8.6 சதவீதம், அதிக அளவில் 17.9. கண்ணா உயிரா என்று தராசு அப்பட்டமாக நின்றது. 2013இல் ஆராய்ச்சிக்கு உட்படுவோரின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அலுவலகம், பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய படிவங்களில் பார்வை இழப்பு, மரணம் ஆகிய அபாயங்களை ஒழுங்காகச் சொல்லவில்லை என்று கண்டித்தது. அறவியலாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

ஆய்வாளர்கள் பக்கத்து வாதம் லேசானதில்லை. 85 முதல் 95 வரை எல்லா அளவுமே அப்போது புழக்கத்தில் இருந்தவைதான். ஒரு மருத்துவமனை கீழே வைத்தது, இன்னொன்று மேலே வைத்தது. ஆய்வு புதிதாக எந்த ஆபத்தையும் கொண்டுவரவில்லையே?

எனக்கு இந்த வாதம் வேறொரு பக்கம் திரும்பித் தெரிகிறது. சீட்டுக் குலுக்கியதால்தான் படிவம், கையெழுத்து, கண்டனம், விவாதம் எல்லாம் வந்தன. ஆனால் ஆய்வில் இல்லாத மற்ற குழந்தைகளுக்கும் சீட்டு விழுந்துகொண்டுதானே இருந்தது? அவர்களுக்குச் சீட்டெடுத்தது ஆஸ்பத்திரி வாசல். அதற்கு யாரும் கையெழுத்து கேட்கவில்லை. நாணயத்தைச் சுண்டுவதற்குச் சம்மதம் வேண்டும், வாசலுக்கு வேண்டாம் என்பதற்கு என்ன நியாயம்?

நாணயத்தைச் சுண்டியவர் ஒருவர் இருக்கிறார், வாசலை யாரும் சுண்டவில்லை என்று சொல்லலாம். அது தற்செயல், மழை மாதிரி. ஆனால் அது மழை மாதிரி இல்லை. 22 வாரத்தில் முயல்வதில்லை என்பது எங்கோ ஒரு கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது, அல்லது முடிவு என்றே தெரியாமல் மூத்த மருத்துவர் ஒருவரின் பழக்கமாகக் கை மாறி வந்திருக்கிறது. மனிதர்கள் செய்த ஒன்று அது. தெரியாத விஷயத்தில் மருத்துவர்கள் வேறுபடுவது குற்றமில்லை. எதிரே படுத்திருப்பவளுக்கு அது எல்லோரும் ஒப்புக்கொண்ட மருத்துவம் போலவும், உலகத்தில் எங்கே போனாலும் இதைத்தான் செய்வார்கள் என்பது போலவும் தெரியவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு எதிராக ஒருவர் கேட்கலாம். நடுராத்திரி, வலி எடுத்துவிட்டது, கணவன் வெளியே போனில் பணத்துக்கு அலைகிறான். அவளிடம் போய், ‘நாங்க முயலமாட்டோம், ஆனா எண்பது மைல் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில முயல்வாங்க’ என்று சொல்வது உண்மை பேசுவதா, வதைப்பதா? போக முடியாத இடத்தின் விலாசத்தை எதற்குக் கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்வி என்னை நிறுத்துகிறது. ஆனால் பல சமயம் போக முடிகிறது. வலி வருவதற்கும் பிரசவத்துக்கும் நடுவே மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் நேரம் இருக்கிறது. ‘அவளால் தாங்க முடியாது’ என்று நாம் தீர்மானிக்கும்போது அதில் நமக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் சொல்கிறவருக்குத்தான் கஷ்டம் குறைவு.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 22 வாரம், 23 வாரம் என்று நாம் கோடு போடும் அந்த வயதே ஒரு மதிப்பீடுதான். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனிலேயே ஐந்து முதல் ஏழு நாள் வரை முன்பின் இருக்கும். கடைசி மாதவிலக்குத் தேதியை ஞாபகத்திலிருந்து சொன்னவளுக்கு இன்னும் அதிகம். 22 வாரம் 6 நாள் என்று குறிக்கப்பட்டவளும் 23 வாரம் 1 நாள் என்று குறிக்கப்பட்டவளும் ஒரே நாளில் கருவுற்றிருக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு எண் சாய்ந்த பக்கத்தில் ஒரு குழந்தையின் கதி சாய்கிறது.

ஆக்சிஜனும் கண்ணும் பழைய கதை என்று தோன்றினால், இங்கே நடந்தது ஒன்று. 1996இல் சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெட்டியில் வைத்திருந்து, தேறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், அது சின்ன விஷயமில்லை. ஆனால் இவ்வளவு சீக்கிரம் பிறந்து ஆக்சிஜனும் பெற்ற குழந்தையின் விழித்திரையை நாலைந்து வாரத்துக்குள் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. வேறொரு வாசலில் சொல்லியிருப்பார்கள். பார்வை போன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 ஜூலையில் தீர்ப்பு வந்தபோது, இழப்பீடு சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய். அந்தப் பெண்ணுக்கு 18 வயது முடிந்திருந்தது. சொட்டு மருந்து விட்டு, தலையில் விளக்கு மாட்டிய கண் மருத்துவர் ஒருவர் சில நிமிடம் குனிந்து பார்க்கும் பரிசோதனை அது.